மீகாமனின் சாவி

பினாங்குத் துறைமுகத்தில் புழங்கிய சொற்களை எடுத்துப் பார்த்தால், தமிழ் அங்கே எவ்வளவு காலம் மூட்டை தூக்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். ‘கூலி’ நம்முடைய சொல். மலாய்க்காரர்கள் ‘குடாங்’ என்றும் ஆங்கிலேயர்கள் ‘கோடவுன்’ என்றும் சொன்னதற்குப் பின்னால் நம்முடைய ‘கிடங்கு’ இருக்கலாம் என்பது சொல்லாராய்ச்சியாளர்கள் சிலரின் கருத்து. கொடுத்ததைப் போலவே வாங்கியும் இருக்கிறோம். மாலுமி, சுக்கான் இரண்டும் அரபுக் கடலோடிகள் வழியாக வந்து நம் வாயில் ஒட்டிக்கொண்டவை. சொற்களும் கப்பலேறும், போன இடத்தில் வேறு வேலைக்குச் சேர்ந்துகொள்ளும்.

கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் துறைமுகச் சொற்கள் சில கணினிக்குள் வேலைக்குச் சேர்ந்திருக்கின்றன. ‘கண்டெய்னர்’ என்றால் இன்று மென்பொருள் வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு இரும்புப் பெட்டி நினைவுக்கு வருவதில்லை. ‘டாக்கர்’ என்றால் ஒரு நிறுவனம், ஒரு நீலத் திமிங்கிலச் சின்னம். ‘ஹெல்ம்’ என்றால் ஒரு கருவி. இந்தப் பெட்டிகளை ஆயிரக்கணக்கில் மேய்க்கும் மென்பொருளின் பெயரோ கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவன்: குபர்நெட்டீஸ். பழைய தமிழில் அவனுக்கு மீகாமன் என்று பெயர்.

நான் பிழைப்புக்குச் செய்வது இந்த மீகாமனைக் காவல் காக்கும் வேலை. ஜார்ஜ்டவுனில் உட்கார்ந்துகொண்டு எங்கோ இருக்கும் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். இலக்கியம் படிக்கும் நண்பர்களிடம் இதைச் சொன்னால், “அது உங்க உலகம்ப்பா, எங்களுக்கு என்ன?” என்பார்கள். வங்கிச் செயலி, டிக்கெட் முன்பதிவு, மருத்துவமனைப் பதிவு என்று நாம் தினமும் தொடுகிற பலவும் இன்று இந்த மீகாமனின் கையில்தான் ஓடுகின்றன. அவனிடமிருந்து சாவி பலமுறை தவறியிருக்கிறது. அந்தக் கதையைத் துறைமுகத்திலிருந்து தொடங்கினால்தான் புரியும் என்பது என் எண்ணம்.

*

1786இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் கொடியேற்றிய பிறகு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி நிற்க முடியவில்லை. நடுவாய்க்காலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைத் தொங்கான்களில் இறக்கிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். ஸ்வெட்டன்ஹாம் இறங்குதுறை 1904இல் வந்த பிறகுதான் கப்பல்கள் நேரே ஒட்டி நிற்க வழி பிறந்தது. அப்போதும் பல கப்பல்களுக்குத் தொங்கான்தான் கதி. வெல்ட் கீ என்கிற கடலோரச் சாலையின் கிடங்குகளில் அரிசி, ஈயம், ரப்பர், கொப்பரை, பாக்கு எல்லாம் மனிதத் தோளில்தான் ஏறின, இறங்கின. அந்தத் தோள்களில் சீனத் தோள்களும் உண்டு, தமிழ்த் தோள்களும் உண்டு. தமிழ் முஸ்லிம்களுக்குத் துறைமுகம் வேலையிடமாகவும் இருந்தது, வியாபாரக் களமாகவும் இருந்தது.

அந்த வேலைமுறையில் ஒரு மூட்டை கப்பலிலிருந்து கடைக்குப் போவதற்குள் எத்தனை கண்கள் அதைப் பார்த்தன என்று எண்ணிப் பாருங்கள். கப்பலின் அடித்தளத்தில் ஒரு கூட்டம். தொங்கானில் தண்டல். கரையில் துண்டுச் சீட்டோடு ஒரு கிராணி. கிடங்கு வாசலில் இன்னொரு கிராணி. ஒவ்வொரு இடத்திலும் ஒரு எண்ணிக்கை, ஒரு கோடு, ஒரு கையெழுத்து. இது நேர்மையான உலகம் என்று நான் சொல்லவில்லை. உலகத் துறைமுகங்கள் எல்லாவற்றிலும் சில்லறைத் திருட்டு அன்றாட விஷயம். சாராயப் பெட்டியில் இரண்டு பாட்டில் ‘உடையும்’. சர்க்கரை மூட்டை வழியில் இளைக்கும். ஆனால் திருட்டு சின்னதாக இருந்தது. ஒரு கையால் தூக்கக்கூடிய அளவுதான் போகும். மற்ற கண்கள் பார்த்துக்கொண்டும் இருக்கும்.

1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்கிற அமெரிக்க லாரி முதலாளி, ‘ஐடியல் எக்ஸ்’ என்ற பழைய எண்ணெய்க் கப்பலின் மேல்தளத்தில் 58 இரும்புப் பெட்டிகளை ஏற்றி நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். உதிரிச் சரக்கை ஏற்ற அப்போது டன்னுக்கு 5 டாலர் 86 சென்ட் ஆனது. பெட்டியில் 16 சென்ட்டுக்கும் குறைவு. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு எந்த முதலாளியும் பழைய முறைக்குத் திரும்ப நினைத்திருக்க மாட்டார். 1963இல் மெக்லீனின் நிறுவனம் பெட்டியின் மூலைப் பொருத்துகளுக்கும் பூட்டுகளுக்கும் இருந்த காப்புரிமையை விட்டுக்கொடுத்தது. யார் வேண்டுமானாலும் அதே அளவில் செய்துகொள்ளலாம் என்று ஆனது. உலகம் முழுக்க ஒரே பெட்டி, ஒரே பூட்டு, ஒரே பாரந்தூக்கி என்பதற்கு அந்த விட்டுக்கொடுத்தல் ஒரு முக்கியக் காரணம். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1972 ஜூன் 23 அன்று ‘நிஹோன்’ என்ற கப்பல் சுமார் 300 பெட்டிகளோடு சிங்கப்பூர் தஞ்சோங் பகாரில் வந்து நின்றது. அடுத்த ஆண்டு கொச்சிக்கு முதல் கொள்கலன் கப்பல் வந்தது. 1983இல் மெட்ராஸ் துறைமுகத்தில் கொள்கலன் முனையம் திறந்தார்கள். பினாங்கிலும் சரக்கு வேலை கடலின் எதிர்க்கரைக்கு, பட்டர்வொர்த்துக்கு, நகர்ந்தது. இந்தத் தீவு தன் சுங்கமில்லாத் துறைமுகத் தகுதியை 1969இலேயே இழந்திருந்தது. இன்று ஸ்வெட்டன்ஹாம் இறங்குதுறையில் மூட்டை இல்லை. சுற்றுலாக் கப்பல்கள் வருகின்றன. வெல்ட் கீயின் கிடங்குகள் சில காப்பிக் கடைகளாகவும் தங்கும் விடுதிகளாகவும் மாறிவிட்டன.

பெட்டி வந்ததும் சில்லறைத் திருட்டு விழுந்தது. அது பெரிய லாபம். ஆனால் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று வழியில் யாரும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியதும் இல்லை. முத்திரை உடையாமல் இருக்கிறதா, எண் பொருந்துகிறதா, அவ்வளவுதான். பத்துப் பேர் கண்ணில் இருந்த நம்பிக்கை ஒரு முத்திரைக்கும் ஒரு எண்ணுக்கும் இடம் மாறியது. எண்ணை வைத்திருப்பவன் பெட்டியை வைத்திருப்பவன் ஆனான்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகம் காட்டியது. 2011இலிருந்து இரண்டு வருடம், போதைப்பொருள் கடத்தும் கும்பல் ஒன்று அங்கே சரக்கு கையாளும் நிறுவனங்களின் கணினிகளுக்குள் ஆட்களை வைத்துப் புகுந்திருந்தது. முதலில் ஊழியர்களுக்கு நச்சு நிரல் ஒட்டிய மின்னஞ்சல்கள் போயின. அந்த வழி அடைபட்டதும் அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து, விசைப்பலகையில் தட்டுவதையெல்லாம் ஒட்டுக்கேட்கும் சிறு கருவிகளைப் பொருத்தினார்கள். எந்தப் பெட்டி எங்கே நிற்கிறது, அதை விடுவிக்கும் ரகசிய எண் என்ன என்பது தெரிந்துவிட்டது. உரிமையாளரின் லாரி வருவதற்கு முன்பே கும்பலின் லாரி சரியான எண்ணோடு வந்து பெட்டியை ஏற்றிக்கொண்டு போனது. காவலாளியை யாரும் அடிக்கவில்லை. பெட்டிகள் முழுசாகக் காணாமல் போன பிறகுதான் சந்தேகமே வந்தது. 2013இல் விஷயம் வெளியே வந்தது.

துறைமுகப் பாதுகாப்பு என்பது மென்பொருள் பாதுகாப்பாக மாறிவிட்டதை இந்த ஒரு வழக்கிலேயே பார்க்கலாம். இனி மென்பொருள் துறைமுகத்தின் உருவகத்தை எடுத்துக்கொண்ட கதைக்கு வருகிறேன்.

*

2013 மார்ச்சில் அமெரிக்காவில் நடந்த பைத்தான் நிரலாளர் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் என்பவர் ஐந்து நிமிடம் பேசினார். டாக்கர் அப்படித்தான் உலகத்துக்கு அறிமுகமானது. பிரச்சினை பழையது. ஒரு கணினியில் ஒழுங்காக ஓடும் நிரல் இன்னொரு கணினியில் ஓடாது. நிரலையும் அதற்குத் தேவையான சாமான்களையும் ஒரே பெட்டியில் அடைத்து அனுப்பிவிட்டால் எந்தத் துறைமுகத்திலும் இறக்கலாம் இல்லையா? இந்த யோசனைக்கு வைத்த பெயரைக் கவனியுங்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் டாக்கர் என்றால் துறைமுகத் தொழிலாளி. பெட்டி யாரை வேலையிலிருந்து அனுப்பியதோ, அவருடைய பெயர்தான் மென்பொருள் பெட்டிக்கு வந்து சேர்ந்தது.

பெட்டிகள் பெருகியதும் அவற்றை மேய்க்க ஆள் வேண்டியிருந்தது. கூகுள் நிறுவனம் தன் உள்வேலைக்கு ‘போர்க்’ என்ற ஒன்றைப் பல வருடமாக வைத்திருந்தது. அந்த அனுபவத்திலிருந்து ஜோ பெடா, பிரெண்டன் பர்ன்ஸ், கிரெய்க் மெக்லக்கி ஆகியோர் தொடங்கி வைத்த குபர்நெட்டீஸ் 2014 ஜூனில் எல்லோருக்குமாகத் திறந்துவிடப்பட்டது. மெக்லீன் காப்புரிமையை விட்டுக்கொடுத்தது போலத்தான் இதுவும். யாரும் எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொண்டார்கள், உலகமே ஒரே அளவுக்கு வந்தது. ஏழு ஆரம் உள்ள சுக்கான் சக்கரம் அதன் சின்னம். எந்தப் பெட்டி எந்தக் கணினியில் ஓட வேண்டும், ஒன்று செத்தால் இன்னொன்றை எப்படி எழுப்புவது, யாருக்கு எந்த அனுமதி என்பதையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். குபர்நெட்டீஸ், சைபர்நெட்டிக்ஸ், கவர்னர் மூன்று சொற்களும் ஒரே வேரிலிருந்து வந்தவை. கவர்னர் வெல்டின் பெயரில் இருக்கும் சாலையும் சொல்லளவில் மீகாமன் சாலைதான்.

ஆனால் மென்பொருள் பெட்டி இரும்புப் பெட்டி அல்ல. இதைப் புரியவைக்க ஜார்ஜ்டவுனைவிட நல்ல ஊர் கிடையாது. இங்கே பழைய தெருக்களில் கடைவீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும். ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், தனி முகவரி, தனிக் குடும்பம். ஆனால் இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். முன்னால் ஐந்தடிப் பாதை எல்லோருக்கும் பொது. ஒரு வீட்டில் தீப்பிடித்தால் பக்கத்து வீட்டுக்காரன் தூங்க முடியாது. கணினியில் ‘வர்ச்சுவல் மெஷின்’ என்பது காம்பவுண்டு சுவரோடு தனியாக நிற்கும் பங்களா. கண்டெய்னர் என்பது கடைவீடு. எல்லாக் கண்டெய்னர்களும் கீழே ஒரே இயக்குதளக் கருவை, கெர்னலை, பகிர்ந்துகொள்கின்றன. அதனால்தான் இடம் மிச்சம், செலவு குறைவு, வேகம் அதிகம். அதனால்தான் சுவரில் ஓட்டை விழுந்தால் வரிசை முழுக்க ஆபத்து.

*

முதலில் நடந்தது ஓட்டையே இல்லாத கதை. 2018 பிப்ரவரியில் ரெட்லாக் என்ற பாதுகாப்பு நிறுவனம் டெஸ்லாவின் குபர்நெட்டீஸ் மேலாண்மைத் திரை கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்ததைக் கண்டது. கதவு பூட்டவில்லை, அவ்வளவுதான். உள்ளே போனவர்கள் டெஸ்லாவின் கணினிகளை வைத்து கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அமேசான் சேமிப்புக் கிடங்குக்கான சாவியும் அங்கேயே ஒரு பெட்டியில் இருந்தது. இதில் என் கவனத்தை இழுத்தது அவர்களுடைய பொறுமை. கணினிகள் அதிகம் சூடேறி யாரும் கவனித்துவிடாதபடி மெதுவாகத் தோண்டினார்கள். பழைய துறைமுகத்தின் சர்க்கரை மூட்டை இளைத்த மாதிரி.

அதே வருடம் டிசம்பர் 3 அன்று வந்த செய்திதான் என் தொழிலில் இருப்பவர்கள் மறக்காதது. குபர்நெட்டீஸின் இதயத்திலேயே ஒரு பிழை. ரேஞ்சர் லேப்ஸ் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான டேரன் ஷெப்பர்ட் கண்டுபிடித்தது. பத்துக்கு 9.8 என்ற ஆபத்து மதிப்பு. சிவிஇ-2018-1002105 என்று அதற்குப் பதிவெண்.

நடந்தது என்ன? மீகாமனுக்கு ஒரு தலைமைக் கிராணி உண்டு. ஏபிஐ சர்வர் என்பார்கள். யார் என்ன கேட்டாலும் அவர் மூலமாகத்தான் கேட்க வேண்டும். உங்களுக்கு அந்த அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால், தன் சொந்த அடையாள அட்டையைக் காட்டி உள்ளே இருக்கும் கிடங்குக்கு ஒரு வழி திறந்துவிடுவார். சில வகை வேலைகளுக்கு அந்த வழி ஒரு குழாய் மாதிரி திறந்தே இருக்க வேண்டும். அப்படி ஒரு குழாயைக் கேட்டு, வேண்டுமென்றே கோணலாக ஒரு விண்ணப்பம் கொடுத்தால், கிடங்கிலிருந்து “முடியாது” என்று பதில் வரும். கிராணி அந்தப் பதிலைப் படித்துப் பார்த்துக் குழாயை மூடியிருக்க வேண்டும். அவர் படிக்கவில்லை. பதிலை நம்மிடம் தள்ளிவிட்டுக் குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் குழாயில் நாம் என்ன சொன்னாலும் கிடங்கின் காதில் அது தலைமைக் கிராணியின் குரலாகவே விழும்.

அனுமதி குறைவாக உள்ள ஒரு பயனர் இதை வைத்து ஒரு கணினியில் ஓடும் எல்லாப் பெட்டிகளுக்குள்ளும் புகலாம். சில அமைப்புகளில் பெயரே சொல்லாத வெளியாள்கூட இந்த வழியில் அதிகாரம் பெற முடிந்தது. இதைவிடக் கலவரமானது இன்னொன்று. ஏற்கெனவே திறந்த குழாய் வழியாகப் போனதால், இந்தத் திருட்டு வேண்டுகோள்கள் தலைமைக் கிராணியின் தணிக்கைப் பதிவேட்டில் ஏறவே இல்லை. கிடங்கின் பதிவேட்டில் ஏறும். ஆனால் அங்கே அவை கிராணியே அனுப்பிய முறையான வேண்டுகோள்களிலிருந்து பிரித்தறிய முடியாதவை. முதல் பதிப்பிலிருந்தே இந்தப் பிழை உள்ளே இருந்தது. 1.0 வந்தது 2015 ஜூலையில். மூன்று வருடத்துக்கு மேல் யார் யார் இந்த வழியாகப் போய்வந்தார்கள் என்று கணக்குப் புத்தகத்தைப் புரட்டிச் சொல்ல வழி இல்லை.

வரலாறு படிக்கிறவர்களுக்கு இந்த இடம் கொஞ்சம் உறைக்க வேண்டும். ஆவணத்தில் இல்லாதது நடக்கவில்லை என்று முடிவுகட்டிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. துறைமுகக் கூலிகளின் வரலாறு எழுத உட்கார்ந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியும். கிராணியின் பேரேட்டில் மூட்டை இருக்கும், மூட்டை தூக்கியவன் பெயர் இருக்காது. பதிவேடு என்பது யாரோ ஒருவர் எதைப் பார்க்க முடிவுசெய்தாரோ அதன் நகல். கணினியின் பதிவேடும் அதற்கு விதிவிலக்கு இல்லை.

அடுத்து 2019 பிப்ரவரி. இந்த முறை சுவரிலேயே ஓட்டை. பெட்டியைத் திறந்து ஓடவிடும் ‘ரன்சி’ என்ற சிறு நிரலை, பெட்டிக்குள் இருப்பவனே திருத்தி எழுதிவிடலாம் என்று ஆடம் இவானியுக், போரிஸ் போப்வாவ்ஸ்கி என்ற இரண்டு போலந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். பெட்டியைத் தூக்கும் பாரந்தூக்கியின் பொத்தானைப் பெட்டிக்குள்ளிருந்து ஒருவன் கைநீட்டி மாற்றிவைப்பது போல. டாக்கர், குபர்நெட்டீஸ் எல்லாமே அந்தச் சிறு நிரலை நம்பியிருந்தன. கடைவீட்டின் பொதுச்சுவர் என்று மேலே சொன்னேனே, அது இதுதான்.

*

2025 மார்ச் 24 அன்று வெளியானது இன்னும் விநோதமானது. வெளியிலிருந்து வரும் போக்குவரத்தை உள்ளே சரியான பெட்டிக்கு அனுப்பும் வாசல் மென்பொருள் ஒன்று உண்டு, ‘இன்கிரெஸ் என்ஜின்எக்ஸ்’. அதற்குள் ஒரு சோதனை அதிகாரி இருப்பார். யாராவது வாசலின் விதிகளை மாற்றக் கேட்டால், அந்த விதி ஒழுங்கானதா என்று முன்கூட்டியே சோதித்துப் பார்ப்பது அவர் வேலை. எப்படிச் சோதிப்பார்? அந்த விதியை எழுதிப் போட்டு, வாசல் நிரலை ஒரு தடவை சோதனைக்காக ஓடவிடுவார். விஸ் என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் காட்டியது இதுதான்: விதிக்குள் நச்சை வைத்து அனுப்பினால், சோதிக்கும்போதே அது ஓடிவிடும். சுங்க அதிகாரி பொட்டலத்தை முகர்ந்து பார்த்ததும் மயங்கி விழுகிற மாதிரி. அவருடைய இடுப்பில்தான் எல்லா அறைகளின் சாவிக்கொத்தும் தொங்கியது. இயல்பான அமைப்பில் அந்த மென்பொருளுக்குக் கிளஸ்டர் முழுவதிலும் உள்ள ரகசியங்களைப் படிக்கும் அனுமதி இருந்தது.

அந்த நிறுவனத்தின் கணக்குப்படி மேகக் கணினிச் சூழல்களில் சுமார் 43 விழுக்காடு இந்தப் பிழைக்கு ஆளாகக்கூடியவை. அந்தச் சோதனை அதிகாரி இணையத்தை நோக்கியே திறந்து நின்ற கிளஸ்டர்கள் 6,500க்கும் மேல். ஆபத்து மதிப்பு மறுபடியும் 9.8.

எண்கள் பயமுறுத்தத்தான் செய்யும். என்னை அதிகம் தொந்தரவு செய்தது அதே வருடம் நவம்பரில் வந்த அறிவிப்பு. இன்கிரெஸ் என்ஜின்எக்ஸ் திட்டத்தை மூடப்போவதாகவும், 2026 மார்ச் வரைதான் முடிந்த அளவு பராமரிப்பு என்றும் குபர்நெட்டீஸ் சமூகம் சொன்னது. அதில் ஒரு விவரம் இருந்தது. உலகம் முழுக்க இத்தனை நிறுவனங்கள் நம்பியிருந்த அந்த வாசலைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் அல்லது இருவர். அதுவும் தங்கள் சொந்த நேரத்தில், வேலை முடிந்த பிறகும் வார இறுதிகளிலும். உதவிக்கு ஆள் கேட்டார்கள், போதுமான ஆள் வரவில்லை.

இந்தக் கட்டுரையின் மொத்தச் சாரமும் எனக்கு அந்த அறிவிப்பில்தான் இருக்கிறது. பெட்டியின் வரலாறு என்று நாம் எழுதுவதெல்லாம் மெக்லீனின் சாமர்த்தியம், கூகுளின் சாமர்த்தியம் என்றே போகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் நடந்த காரியம் ஒன்று: பல கைகளும் பல கண்களும் செய்த வேலை ஒரு முத்திரைக்குள், ஒரு எண்ணுக்குள், ஒரு நிரலுக்குள் சுருக்கப்பட்டது. சுருக்கியதால் கிடைத்த லாபம் மேலே போனது. சுருக்கிய இடத்தில் குவிந்த பொறுப்பு மட்டும் யாரோ ஒருவர் இடுப்பில் சாவிக்கொத்தாகத் தொங்கியது. அவர் யார், அவருக்குச் சம்பளம் உண்டா, அவர் தூங்கினாரா என்று யாரும் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை என்பதுதானே பெட்டியின் அழகே?

பிழைகள் இல்லாத மென்பொருள் கிடையாது. இந்த நான்கையும் வரிசையாகப் பார்த்தால் டெஸ்லா கதையில் பூட்டவே இல்லை. மற்ற மூன்றிலும் தவறியது நடுவில் நிற்கும் நம்பகமான ஆள்: கிராணி, பாரந்தூக்கி, சோதனை அதிகாரி. எல்லோரும் நம்பியதால்தான் அவர்களை யாரும் சோதிக்கவில்லை. 2018இன் பிழையை ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார், திருத்திய பதிப்புகள் அறிவிப்போடு சேர்ந்தே வந்தன. திறந்த மூலநிரல் என்பதால் அது முடிந்தது. யாரும் உள்ளே பார்க்கலாம். ஆனால் யாரும் பார்க்கலாம் என்பதும் யாராவது பார்க்கிறார்கள் என்பதும் வேறு வேறு. துறைமுகத்தின் ஐந்து கிராணிகள் ஒருவர் கணக்கை ஒருவர் சரிபார்த்தார்கள் என்றால், அந்த ஐந்து பேருக்கும் மாதச் சம்பளம் போனது.

பினாங்குக்கு இதில் தூரத்துச் சம்பந்தம் மட்டுமே இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். சுங்கமில்லாத் துறைமுகத் தகுதி போய் ஊரில் வேலையில்லாமல் நின்ற காலத்துக்குப் பிறகு, 1972இல் பாயான் லெப்பாசில் இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையைத் திறந்தது. அப்பாமார்கள் மூட்டை தூக்கிய தீவில் மகள்கள் நுண்ணோக்கிக்குக் கீழே சில்லுக்குக் கம்பி பிணைத்தார்கள். மலாய், சீன, தமிழ்ப் பெண்கள் அந்த வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். இன்று ஏதோ ஒரு குளிரூட்டிய கிடங்கில் மீகாமன் ஓட்டும் கணினிகளின் சில்லுகளில் கணிசமானவை இந்தத் தீவிலும் எதிர்க்கரையிலும் உறையிட்டுச் சோதிக்கப்பட்டவை. ‘கிளவுட்’ என்று வானத்தில் எழுதிவைத்த பெயருக்குக் கீழே எப்போதும் ஒரு கை இருக்கிறது.

என் வேலையில் இப்போது நான் கேட்கப் பழகிய கேள்விகள் நான்கு. இந்தப் பெட்டிக்கு இவ்வளவு அனுமதி எதற்கு? இந்த வாசல் இணையத்தை நோக்கித் திறந்திருக்க வேண்டுமா? பதிவேட்டை எழுதுகிறவனை யார் சரிபார்க்கிறார்கள்? நாம் நம்பியிருக்கும் இந்தச் சிறு நிரலைப் பராமரிப்பவர் யார், அவருக்கு நம் நிறுவனம் எதாவது செய்கிறதா? முதல் மூன்றுக்கும் கூட்டத்தில் உடனே பதில் கிடைக்கும். பட்டியல் போட்டு வேலையும் நடக்கும். நான்காவது கேள்விக்கு மட்டும் எல்லோரும் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார்கள். பிறகு யாராவது, “அது ஃப்ரீதானே?” என்பார்கள்.

இளம் வாசகர்களில் சிலராவது இந்தத் தொழிலுக்கு வருவீர்கள். மற்றவர்கள் இந்தப் பெட்டிகளை நம்பி வாழப் போகிறவர்கள். அடுத்த பெரிய பிழை வெளிவரும்போது எத்தனை கிளஸ்டர், எத்தனை விழுக்காடு என்று செய்தி வரும். அதற்குக் கீழே எங்காவது அந்த நிரலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு வரி இருக்கும். அதைத் தேடிப் படியுங்கள்.